“அடுத்து என்ன கேம் வருது?” என்று பிள்ளைகளைக் கேளுங்கள்

மக்களே, கிளினிக்கில் அடிக்கடி வரும் ஒரு கேள்வியைப் பற்றி இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

“பையன் ஏதோ ஒரு கேம் வரப்போகுதுன்னு நாள் எண்ணிட்டு இருக்கான் டாக்டர். இன்னும் வெளியவே வரல, அதுக்குள்ள இவ்வளவு பைத்தியம். இது அடிமைத்தனம்தானே?”

இல்லை. காத்திருப்பது நோய் கிடையாது. பல நேரம் அது நல்ல அறிகுறி. ஏன் என்று சொல்கிறேன். எங்கே உஷாரா இருக்கணும் என்பதையும் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். ஆன்லைன் ரம்மி மாதிரி பணம் கட்டி ஆடுவதைப் பற்றி நான் பேசவில்லை. அது சூது. அதைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமே போட்டுவிட்டது. நான் பேசுவது கதை, சவால், இசை, ஓவியம் எல்லாம் சேர்த்து உருவாக்கப்படும் வீடியோ கேம்கள் பற்றி.

நாம் சின்ன வயதில் பட ரிலீஸுக்குக் காத்திருந்தோமே, அதேதான் இது. போஸ்டருக்குப் பதில் ட்ரெய்லர். தியேட்டருக்குப் பதில் ஸ்டீம், பிளேஸ்டேஷன் ஸ்டோர், நின்டெண்டோ ஈஷாப். யாரும் கடைக்குப் போய் டிஸ்க் வாங்க வேண்டியதில்லை. குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட மணிக்கு கதவு திறக்கும். டவுன்லோட் செய்து ஆடலாம்.

ஒரு உதாரணம். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் டீம் செர்ரி என்று ஒரு மிகச் சிறிய குழு. 2017-ல் ‘ஹாலோ நைட்’ என்ற கேமை வெளியிட்டார்கள். பூச்சிகள் வாழும் ஒரு பாதாள ராஜ்ஜியத்தின் கதை. அடுத்த பாகமாக ‘சில்க்சாங்’ வரும் என்று 2019 பிப்ரவரியில் அறிவித்தார்கள். அதன்பிறகு ஆறரை வருடம் காத்திருப்பு. ஒவ்வொரு கேம் விழாவிலும் “இந்தத் தடவையாவது தேதி சொல்வாங்களா?” என்று ரசிகர்கள் ஏங்குவதே தனி நகைச்சுவையாகிவிட்டது. கடைசியில் 2025 ஆகஸ்ட் 21 அன்று தேதி சொன்னார்கள். செப்டம்பர் 4 அன்று கேம் வந்தது. விலை 20 டாலர். கூட்டம் தாங்காமல் ஸ்டீம் உட்பட பல ஆன்லைன் கடைகள் சிறிது நேரம் திணறின. நானும் அந்தக் கூட்டத்தில் நின்றவன்தான்.

இதில் மூளைக்கு என்ன வேலை?

டோபமின் என்றால் இன்பம் தரும் ரசாயனம் என்று நாம் சொல்கிறோம். அது பாதி உண்மைதான். வுல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர் 1990களில் குரங்குகளை வைத்து ஆய்வு செய்தார். ஒரு சமிக்ஞை வரும், பிறகு பழச்சாறு கிடைக்கும். ஆரம்பத்தில் சாறு கிடைத்தபோது டோபமின் செல்கள் துடித்தன. பழகிய பிறகு, சாறு வரும்போது அல்ல, சமிக்ஞை வந்தவுடனேயே துடித்தன. சாறு கிடைக்கும் சாத்தியம் பாதிக்குப் பாதி என்று இருந்தால், இடைப்பட்ட நேரத்தில் அந்தத் துடிப்பு இன்னும் ஏறியதாக 2003-ல் அவரது குழு கண்டது.

குரங்கில் பார்த்ததை அப்படியே மனிதருக்கு ஒட்டவைக்க முடியாது. ஆனால் ஒன்று புரிகிறது. எதிர்பார்ப்பு என்பது இன்பத்துக்கு முன்னால் இருக்கும் வெயிட்டிங் ரூம் இல்லை. அதுவே மூளை செய்யும் பெரிய வேலை. கல்யாணத்தைவிடக் கல்யாணத்துக்கு முந்தின வாரம் வீடு களைகட்டுவது நமக்குத் தெரியாதா?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன்.

2025 ஆரம்பத்தில் பிளஸ் டூ படிக்கும் ஒரு பையனை அவன் அம்மா கூட்டி வந்தார். வயிற்று வலி, சாப்பாடு இறங்கவில்லை, எடை குறைகிறது. பரிசோதனைகளில் ஒன்றும் இல்லை. பேச்சுவாக்கில் அம்மா சந்தோஷமாக ஒன்று சொன்னார்.

“முன்னாடியெல்லாம் எப்பப் பாத்தாலும் கேம், கேம்தான் டாக்டர். இப்ப நாலு மாசமா அந்தப் பக்கமே போறதில்ல. திருந்திட்டான்.”

நான் பையனிடம் கேட்டேன். “தம்பி, சில்க்சாங் எப்ப வருதாம்?”

“தெரியல டாக்டர். வந்தாலும் ஆடப் போறதில்ல.”

“ஏன்ப்பா?”

“சும்மாதான். எதுவுமே வேணும்னு தோணல.”

அம்மாவைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொன்னேன். தூக்கம் எப்படி, நண்பர்கள் எப்படி என்று கேட்டுவிட்டு, “வாழவே வேண்டாம்னு தோணுதா?” என்று நேராகவே கேட்டேன். (இப்படிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்படாதீர்கள். கேட்பதுதான் பாதுகாப்பு.) “சில நாள் தோணுது டாக்டர்” என்றான்.

அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அனுப்பினேன். அம்மா அழுதுவிட்டார். “படிப்புக்காக விட்டுட்டான்னு நெனச்சேனே டாக்டர்...”

“அவனா விட்டானா, அவனை விட்டு அது போயிருச்சான்னு பாக்கணும்மா” என்றேன்.

மருத்துவத்தில் இதற்கு அன்ஹெடோனியா என்று பெயர். பிடித்ததில் ஈடுபாடும் மகிழ்ச்சியும் வற்றிப்போவது. மனச்சோர்வின் முக்கியமான இரண்டு அறிகுறிகளில் ஒன்று. இதில் வரப்போவதைப் பற்றிய ஆசையும் செத்துப்போகும். நாளைக்கு என்று ஒன்று இருப்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

மருந்து, கவுன்சிலிங், கூடவே அம்மா. மாதங்கள் ஓடின. ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் கிளினிக்குக்கு வந்தவன் உட்காரும் முன்பே சொன்னான்: “டாக்டர், செப்டம்பர் 4. நம்ம நேரத்துக்கு சாயங்காலம் ஏழரை மணி.”

எனக்கு அதற்குமேல் எந்த ரிப்போர்ட்டும் தேவைப்படவில்லை. கேம் அவனைக் குணப்படுத்தவில்லை, தயவுசெய்து அப்படிப் புரிந்துகொள்ளாதீர்கள். சிகிச்சைதான் குணப்படுத்தியது. காய்ச்சல் இறங்கியதைக் காட்டிய தெர்மாமீட்டர்தான் அந்தக் கேம்.

சரி, எப்போது பயப்பட வேண்டும்?

கேமிங் கோளாறு என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் இருக்கிறது. பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அது பார்க்கச் சொல்வது மூன்று.

1. ஆடுவதைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது.
2. மற்ற ஆர்வங்களையும் அன்றாட வேலைகளையும் தள்ளிவிட்டு கேமே முதலிடம் பிடிப்பது.
3. கெடுதல் நடப்பது தெரிந்தும் தொடர்வது அல்லது அதிகமாக்குவது.

இதனால் குடும்பம், படிப்பு, வேலை பெரிய அளவில் பாதிக்கப்பட வேண்டும். பொதுவாக 12 மாதமாவது நீடிக்க வேண்டும். காலண்டரில் ஒரு தேதியை வட்டம் போடுவது இந்தப் பட்டியலில் எங்கேயும் இல்லை.

அடுத்தது பணம். இங்கேதான் காத்திருப்பைக் காசாக்கப் பார்ப்பார்கள்.

ப்ரீ-ஆர்டர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கேம் வரும் முன்பே முழுப் பணம். டிஸ்க் காலத்தில் அதற்கு ஒரு காரணம் இருந்தது, கடையில் சரக்கு தீர்ந்துவிடலாம். டவுன்லோடில் என்ன தீரப்போகிறது? கோடிப் பேர் வாங்கினாலும் அடுத்தவருக்கும் கிடைக்கும்.

‘சைபர்பங்க் 2077’ கதை இதற்குப் பாடம். ரிலீஸ் தேதி மூன்று முறை தள்ளிப்போய், 2020 டிசம்பர் 10 அன்று வந்தது. ப்ரீ-ஆர்டர் மட்டும் 80 லட்சம். பழைய கன்சோல்களில் அது ஒழுங்காக ஓடவில்லை. எட்டே நாளில் சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்து அதை எடுத்தது. 2021 ஜூனில்தான் திரும்பச் சேர்த்தது. பிறகு சரிசெய்து நல்ல கேமாக்கினார்கள். பொறுத்து வாங்கியவர்களுக்கு நல்ல கேம் கிடைத்தது.

ஆகவே பிள்ளைகளோடு இப்படி ஓர் ஒப்பந்தம் போடுங்கள். விஷ்லிஸ்டில் சேர்க்கலாம், அதற்குக் காசில்லை. வந்து ஒரு வாரம் விமர்சனம் பார்க்கலாம். பிறகு வாங்கலாம். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்க முடியும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

வயதையும் பாருங்கள். இன்று உலகமே எதிர்பார்க்கும் ஜிடிஏ 6-க்கு, இதை எழுதும்போது அறிவிப்பில் உள்ள தேதி 2026 நவம்பர் 19. இரண்டு முறை தள்ளிப்போய் வந்து நிற்கும் தேதி இது. முந்தைய பாகமான ஜிடிஏ 5-க்கு ஐரோப்பிய மதிப்பீடு 18 வயதுக்கு மேல். உங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளை இதற்காகக் காத்திருந்தால், திட்டாமல், “இது உனக்கு இப்ப வேண்டாம்ப்பா” என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். வந்த பிறகு பிடுங்குவதைவிட அது சுலபம்.

எல்லா கேமும் துப்பாக்கி என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. நான் ஆசையாகக் காத்திருந்த இன்னொரு கேம் ‘வெண்பா’. 2023 ஜூலை 31 அன்று வந்தது. கனடாவின் டொராண்டோவிலிருந்து விசை கேம்ஸ் உருவாக்கியது. 1980களில் கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ் அம்மா. கிழிந்துபோன சமையல் குறிப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இட்லி, புட்டு, பிரியாணி என்று நாம் சமைக்க வேண்டும். தமிழில் பேசத் தயங்கும் மகன் ஒரு பக்கம். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 2024-ல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருது வாங்கியது. காத்திருந்தது மாதக்கணக்கில், ஆடியது ஒரு ராத்திரி. நஷ்டம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த மாதங்களில் நைட் டியூட்டி முடிந்து வரும்போது நினைத்துப் பார்க்க ஒன்று இருந்தது.

உங்கள் வீட்டில் இன்று இரவு சாப்பிடும்போது கேட்டுப் பாருங்கள். “அடுத்து என்ன கேம் வருது?”

கண் விரிந்து பத்து நிமிடம் பேசினால், ஒன்றும் புரியாவிட்டாலும் கேளுங்கள். நன்றாக இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எப்போதும் பேசுகிற பிள்ளை “ஒண்ணும் இல்ல” என்று தட்டைப் பார்த்தால், அப்படியே வாரக்கணக்கில் போனால், திருந்திவிட்டான் என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். டெலி மானஸ் 14416, தமிழகத்தில் 104, எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.

உங்கள் பிள்ளைகள் எந்த கேமுக்குக் காத்திருக்கிறார்கள்? கீழே சொல்லுங்கள், என் விஷ்லிஸ்டிலும் சேர்த்துக்கொள்கிறேன்.