சரிவுக்கு முன் வரும் பள்ளம்

மூளை ஸ்லைஸ்களில் மின்பதிவு செய்யும் வேலைக்கு வருகிறவர்களை நான் முதலில் நிறுத்துவது கரைசல் மேசையில்தான். சோடியம் குளோரைடு, பொட்டாசியம், பைகார்பனேட், குளுக்கோஸ் எல்லாம் எடைபோட்டுக் கலக்க வேண்டும். 95 சதவீதம் ஆக்சிஜனும் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடும் கொண்ட வாயுவை நன்றாகக் குமிழியிட விட வேண்டும். அதற்குப் பிறகுதான் கால்சியம். அவசரப்பட்டு முன்பே சேர்த்தால் கரைசல் வெளுத்துக் கலங்கிவிடும். எலியின் ஹிப்போகேம்பஸிலிருந்து 400 மைக்ரோமீட்டர் கனத்தில் சீவிய ஸ்லைஸ் இந்தக் கரைசலில்தான் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கப்போகிறது. அதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது என்ற நினைப்போடு கலக்க வேண்டும்.

மக்னீசியம் சேர்ப்பது லிட்டருக்கு ஒரு மில்லிமோல் அளவுதான். அதைச் சேர்க்காத கரைசலை வேண்டுமென்றே ஓட்டி மாணவர்களுக்குக் காட்டுவேன். சிறிது நேரத்தில் ஹிப்போகேம்பஸின் சிஏ3 பகுதி குமுறத் தொடங்கும். யாரும் தூண்டாமலேயே வலிப்பில் காணும் அலைகள் திரையில் அடுக்கடுக்காக ஓடும். குளுட்டமேட் ஏற்பிகளைப் பற்றிய பாடத்தை நான் தொடங்குவது அந்தத் திரையின் முன்னால்தான்.

ஆம்பா ஏற்பி குளுட்டமேட் வந்து ஒட்டியதும் திறந்து சோடியத்தை உள்ளே விடும். அன்றாடச் செய்திப் போக்குவரத்து அதனுடையது. என்எம்டிஏ ஏற்பிக்குக் குளுட்டமேட் மட்டும் போதாது. அதன் துவாரத்தில் மக்னீசியம் அயனி தக்கை மாதிரி அடைத்துக்கொண்டிருக்கும். பெறும் நரம்பணுவின் மின்னழுத்தம் அதே நேரத்தில் ஏறியிருந்தால்தான் அது விலகும், கால்சியம் உள்ளே பாயும். அனுப்பும் பக்கம், பெறும் பக்கம் இரண்டும் ஒருசேரச் செயல்படும் கணத்தை ஒரு புரத மூலக்கூறு கண்டுகொள்கிறது. பாரிஸில் பிலிப் ஆஷரின் குழுவும் அமெரிக்காவில் மார்க் மேயர், கேரி வெஸ்ட்புரூக் ஆகியோரும் 1984இல் இதைத் தனித்தனியே காட்டினார்கள். இத்தனை ஆண்டுகள் மின்பதிவுக் கருவியின் முன்னால் உட்கார்ந்த பிறகும் எனக்கு இதில் வியப்பு குறையவில்லை.

இந்த ஏற்பியின் வேலை என்ன என்று பார்க்க ஆஸ்லோவிலிருந்து தொடங்க வேண்டும். அங்கே டெர்ஜே லோமோவும் டிம் பிளிஸும் மயக்கத்திலிருந்த முயல்களின் ஹிப்போகேம்பஸில் சிறிது நேரம் வேகமான தூண்டல் கொடுத்தார்கள். அதன்பின் நரம்பணுக்களின் இணைப்பான சினாப்ஸின் பதில் வலுத்தது. சில முயல்களில் 10 மணி நேரம் வரை அந்த வலு தங்கியது. 1973இல் கட்டுரை வெளிவந்தது. பத்து ஆண்டுகள் கழித்து கிரஹாம் காலிங்ரிட்ஜும் சகாக்களும் என்எம்டிஏ ஏற்பியைத் தடுக்கும் ஏபி5 மருந்தை ஸ்லைஸில் விட்டார்கள். வழக்கமான பதில் அப்படியே இருந்தது, வலுப்படுதல் மட்டும் நின்றுபோனது. ஏற்கனவே வலுத்துவிட்ட சினாப்ஸ் கூடுதலாக ஆம்பா ஏற்பிகளைப் பரப்புக்குக் கொண்டுவந்து அந்த வலுவைத் தக்கவைக்கிறது.

இனி திரைக்கு வருகிறேன். தூண்டியதும் முதலில் ஒரு கூரிய கோடு, அது வெறும் குறுக்கீடு. அடுத்த ஓரிரு மில்லி வினாடிகளில் ஒரு குட்டிப் பள்ளம். அதன் பிறகே அகலமாக இறங்கும் சரிவு. எல்லாருடைய கண்ணும் சரிவுக்குப் போகிறது, ஏனென்றால் சினாப்ஸின் வலிமை அதில் இருக்கிறது. நான் பள்ளத்தைப் பார்க்கச் சொல்வேன். எங்கள் பேச்சில் அது ஃபைபர் வாலி. எத்தனை நரம்பிழைகள் தூண்டப்பட்டன என்பதை அது சொல்லும். சரிவு ஒன்றரை மடங்காகி வாலியும் கூடவே ஒன்றரை மடங்காகியிருந்தால் சினாப்ஸில் எதுவும் மாறியிருக்க வேண்டியதில்லை. மின்முனை ஒரு மயிரிழை நகர்ந்து கூடுதல் இழைகளைப் பிடித்திருந்தாலே போதும். வாலி அசையாமல் நிற்க, சரிவு மட்டும் செங்குத்தாகும்போதுதான் நான் நம்புவேன்.

அதனால் வேகமான தூண்டலுக்கு முந்தைய பேஸ்லைன் பதிவில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. 30 வினாடிக்கு ஒரு தூண்டல் வீதம் 20 நிமிடம், 40 புள்ளிகள். அவை சமமாகக் கிடக்காவிட்டால் அந்த ஸ்லைஸை விட்டுவிட வேண்டும். ஏறிக்கொண்டே இருக்கும் பேஸ்லைன்மேல் 100 ஹெர்ட்ஸ் தூண்டல் கொடுத்தால் எது தூண்டலால் ஏறியது, எது தானாக ஏறியது என்று யாராலும் பிரிக்க முடியாது. தூண்டல் ஒரே ஒரு வினாடி. அதன் பின் ஒரு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். முதல் சில நிமிடங்களின் துள்ளல் எந்த ஆரோக்கியமான ஸ்லைஸிலும் வரும், அதை வைத்து மகிழக் கூடாது.

இந்தக் கறார் எதற்கு என்பது நோய்களுக்குப் போகும்போது புரியும். ஃபிராஜைல் எக்ஸ் என்ற மரபணு நோய்க்கான மாதிரிச் சுண்டெலிகளில், குளுட்டமேட்டின் இன்னொரு வகை ஏற்பியால் வரும் சினாப்ஸ் தளர்ச்சி மிகையாக இருப்பதை கிம்பர்லி ஹியூபர், மார்க் பேர் குழு 2002இல் ஸ்லைஸில் காட்டியது. அந்த ஏற்பியை அடக்கும் மருந்துகள் சுண்டெலிகளில் பல குறைகளைச் சரிசெய்தன. மனிதர்களிடம் நடந்த பெரிய சோதனைகளில் எதிர்பார்த்த நடத்தை மாற்றம் கிடைக்கவில்லை. ஸ்லைஸ் பொய் சொன்னது என்று நான் நினைக்கவில்லை. எந்த சினாப்ஸ், எந்தத் திசையில் விலகியிருக்கிறது என்பதை அது சொல்லும். எந்த வயதில், எவ்வளவு நாள் மருந்து தர வேண்டும் என்பதை அதனிடம் கேட்பது நியாயமல்ல.

மறுபக்கத்தில், ஜோசப் டால்மாவ் 2007இல் விவரித்த மூளையழற்சி இருக்கிறது. நோயாளியின் சொந்த எதிர்ப்புப்பொருளே என்எம்டிஏ ஏற்பிகளைப் பிடித்து நரம்பணுவுக்குள் இழுத்துவிடுகிறது. பெரும்பாலும் இளம்பெண்கள். திடீரென்று மனம் குழம்பி, நினைவு தப்பி, வலிப்பு வந்து மருத்துவமனைக்கு வருகிறார்கள். மனநோய் என்றே பலர் முதலில் அனுப்பப்படுகிறார்கள். நோயெதிர்ப்பை அடக்கும் சிகிச்சையில் எதிர்ப்புப்பொருள் குறையும்போது ஏற்பிகள் பரப்புக்குத் திரும்ப முடிகிறது, பலர் நன்றாகத் தேறுகிறார்கள். நாங்கள் ஏபி5 ஊற்றிச் சில நிமிடங்கள் அடைக்கும் அதே ஏற்பி.

ஆகவே நோய்ச் சுண்டெலியா, சாதாரணச் சுண்டெலியா என்பது பதிவு செய்கிறவருக்குத் தெரியக் கூடாது என்பது எங்கள் ஆய்வகத்து வழக்கம். கூண்டுகளுக்கு எண் மட்டும் இருக்கும். குறியீட்டை உடைக்கும் நாளில் முதலில் வாலி வரைபடங்களைத்தான் மேசையில் பரப்பச் சொல்வேன். அவை சமமாக இருந்த ஸ்லைஸ்களின் சரிவுகளை மட்டும் அதன் பிறகு எடுக்கலாம்.