ஐந்தாவது எலுமிச்சம்பழம்

புதுசாகக் கார் வாங்கினால் நம் ஊரில் முதல் மரியாதை டயருக்குத்தான். நாலு டயருக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம். 'நச்'சென்று நசுக்கிவிட்டுக் கிளம்புவோம். அதோடு சரி. அப்புறம் டயர் என்று ஒரு ஜீவன் காருக்குக் கீழே இருப்பதே, அது 'புஸ்' என்று பெருமூச்சு விட்ட பிறகுதான் நமக்கு ஞாபகம் வரும்.

நானும் அந்தக் கட்சிதான். மூணு வருஷம் முன்னால் செகண்ட் ஹாண்டில் ஒரு கார் வாங்கினேன். முதல் சவாரியே திருச்சியிலிருந்து திருமயம். அங்கே கோட்டைச் சுவரை ஒட்டி, ரோட்டோரமாகவே கோட்டை பைரவர் சந்நிதி. அந்த வழியாகப் போகிற டிரைவர்கள் நிறைய பேர் வண்டியை ஓரங்கட்டி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். நானும் போட்டேன். தேங்காய் ஒன்று, எலுமிச்சை நாலு. செலவுக் கணக்கு முடிந்தது.

போன ஐப்பசியில் மறுபடி அதே ரூட். நான், சகதர்மிணி, ஏழு வயசு மகள். திட்டம்: காலையில் சித்தன்னவாசல், மதியம் புதுக்கோட்டையில் சாப்பாடு, சாயங்காலம் திருமயம். ஏர்போர்ட் தாண்டி, மாத்தூர் தாண்டி, கீரனூரும் போய்விட்டது. இரண்டு பக்கமும் செம்மண், தைலமரம், நடுநடுவே யாரோ கொட்டிவிட்டு எடுக்க மறந்த மாதிரி மொட்டைப் பாறைகள். நார்த்தாமலை பக்கம் நெருங்கும்போது ஸ்டியரிங் இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது.

"ஏங்க, வண்டி நொண்டுது" என்றாள் மனைவி.

இறங்கிப் பார்த்தேன். முன்பக்க இடது டயர் தரையோடு தரையாக சாஷ்டாங்க நமஸ்காரம்!

'இதென்ன பெரிய விஷயம்!' என்று சட்டைக் கையை மடித்துவிட்டேன். ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கினேன். ஸ்பேனரை மாட்டி நட்டைத் திருகினால், நட்டு அசையவில்லை. சக்கரம்தான் ராட்டினம் மாதிரி சுற்றியது. மகள் கை தட்டினாள். சரி, முதலில் ஸ்டெப்னியை எடுப்போம் என்று டிக்கியைத் திறந்தேன். கட்டை விரலால் அழுத்தினேன். அது உள்ளே போயிற்று. ஸ்டெப்னியிலும் காற்று இல்லை!

பக்கத்தில் லாரிகள் 'விர்'ரென்று போகிற வேகத்தில் கார் ஊஞ்சலாடியது. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. மனைவி ஒன்றும் சொல்லாமல், குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டை விட்டு இறங்கிப் புளியமரத்தடியில் நின்றாள். பல வருஷ தாம்பத்தியத்தில் நான் தெரிந்துகொண்டது: அவள் பேசினால் சமாளிக்கலாம், பேசாவிட்டால்தான் ஆபத்து.

நல்லவேளையாக ஒரு பாலத்துச் சுவரில் 'பஞ்சர்' என்று போட்டு போன் நம்பர் எழுதியிருந்தது. அடித்தேன். அரை மணியில், டிவிஎஸ் வண்டியில் பெட்டி கட்டிக்கொண்டு ஒரு அண்ணன் வந்து இறங்கினார். ஐம்பத்தைந்து வயசிருக்கும். காரைப் பார்த்தார், ஜாக்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தம்பி, தூக்கிட்டு கழட்டுனா எப்படிக் கழலும்? சக்கரம் தரையில இருக்கறப்பவே நட்டை அரைச்சுத்து இளக்கிக்கணும். அப்புறந்தான் ஜாக்கி. ஹேண்ட் பிரேக் போட்டீங்களா? எதிர்மூலைச் சக்கரத்துக்குக் கல்லு வச்சீங்களா?"

எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: திருட்டு முழி.

பஞ்சரான டயரில் ஒரு ஆணி. "நல்லவேளை, பட்டன்ல ஏறியிருக்கு. பக்கவாட்டுல ஏறியிருந்தா ஒட்டக்கூடாது, தூக்கித்தான் போடணும்" என்றவர், ஆணியைப் பிடுங்கி, ரப்பர் திரியைச் செருகி, பெட்டியிலிருந்த சின்ன கம்ப்ரஸரால் காற்றடித்தார். "இது தற்காலிகம். டவுன்ல கழட்டச் சொல்லி உள்பக்கமா ஒட்டிக்குங்க." நட்டுகளையும் வரிசையாக முறுக்காமல், ஒன்றை முறுக்கி, அதற்கு எதிரே இருப்பதை முறுக்கி, குறுக்கும் நெடுக்குமாகப் போனார். அப்போதுதான் சக்கரம் கோணாமல் உட்காருமாம்.

கிளம்புகிறவர், "ஸ்டெப்னிக்கும் அடிச்சு விட்டுர்றேன்" என்றார். காற்று ஏற ஏற, டயரின் பக்கவாட்டில் குலாப்ஜாமூன் சைஸில் ஒன்று புடைத்துக்கொண்டு வந்தது. சட்டென்று நிறுத்திவிட்டார்.

"என்னண்ணே?"

"உள்ள நூல் அறுந்திருக்கு தம்பி. என்னைக்கோ பள்ளத்துல விட்டு அடிச்சிருக்காங்க. இப்ப ரப்பர் மட்டுந்தான் காத்தைத் தாங்குது. எப்ப வேணும்னாலும் வெடிக்கும்." டயரைத் திருப்பி, ஓரத்தில் இருந்த நாலு எண்ணைக் காட்டினார். 2214. "2014-ம் வருஷம் 22-வது வாரம் பொறந்த டயரு. முன்னால வச்சிருந்தவரு இதை ஸ்டெப்னியாக்கி, உங்க தலையில கட்டிட்டாரு."

எனக்கு வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. யோசித்துப் பாருங்கள். அந்த ஸ்டெப்னியில் அரைகுறையாகக் காற்று இருந்திருந்தால்? நானே மாட்டியிருப்பேன். விட்ட நேரத்தைப் பிடிக்கத் தொண்ணூறில் போயிருப்பேன். பின் சீட்டில் மகள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்திருப்பாள். காற்று இல்லாததால் பிழைத்தோம்!

முன் டயர் வெடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "பிரேக்கை அமுக்காதீங்க. ஸ்டியரிங்கை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சு நேரா வச்சுக்கிட்டு, ஆக்ஸிலேட்டரை மெல்ல விடுங்க. தானா வேகம் குறைஞ்சப்புறம் ஓரங்கட்டுங்க." அதற்குள் தூறல் விழுந்துவிட்டது. அவர் பின் டயர்களைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். டயர் ஓரத்தில் சின்னதாக முக்கோணம் அல்லது 'டிடபிள்யூஐ' என்று போட்டிருக்கும். அதற்கு நேரே பட்டன்களுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில் ஒரு மேடு. பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்தால் பாக்கி இருப்பது 1.6 மில்லி மீட்டர். சட்டப்படி கடைசி எல்லை அது. என் டயர்கள் எல்லையில் நின்று எனக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தன.

முப்பதில் உருட்டிக்கொண்டு புதுக்கோட்டை போய்ச் சேர்ந்தோம். 1948-ல் இந்தியாவோடு இணைகிற வரை தொண்டைமான்களின் தனி சமஸ்தானமாக இருந்த ஊர். 1974-ல் மாவட்டத் தலைநகரானது. நேர்கோட்டில் ஓடும் அகலமான ராஜவீதிகளைப் பார்த்தால், திவான் சேஷய்ய சாஸ்திரிக்கு ஒரு சல்யூட் அடிக்கத் தோன்றும். அவர் காலத்தில் ரப்பர் டயர் கார் ஏது? ஆனாலும் நமக்கென்றே போட்ட மாதிரி தெருக்கள். சொல்லப்போனால், அவர் இங்கே திவானாக இருந்தபோதுதான், 1888-ல், அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் டன்லப் என்ற மாட்டு வைத்தியர் தன் பையனின் மூணு சக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த டயர் செய்து கொடுத்தார்.

டயர் கடையில் என் பி.காம். மூளை விழித்துக்கொண்டது. "பின்னாடி ரெண்டு மட்டும் மாத்தணும். புது டயரை முன்னாடி போட்டு, முன்னாடி இருக்கறதைப் பின்னாடி தள்ளிடுங்க" என்றேன். கடைப் பையன் தலையாட்டவில்லை.

"சார், ரெண்டு மட்டும் மாத்தினா புதுசு பின்னாலதான். மழையில முன் டயர் வழுக்குனா ஸ்டியரிங்ல தெரியும், வேகத்தைக் குறைச்சுச் சமாளிக்கலாம். பின் டயர் வழுக்குனா வண்டி பம்பரமா சுத்திரும். சமாளிக்க நேரமே இருக்காது."

டயரில் எழுதியிருப்பதையும் அவனே படித்துக் காட்டினான். 165/80 ஆர்14 85டி. அகலம் 165 மில்லி மீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் 80 சதவீதம். ஆர் என்றால் ரேடியல். டிஸ்க் 14 அங்குலம். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். டி என்றால் 190 கிலோமீட்டர் வேகம் வரை. (என் கார் தொண்ணூறுக்கே ஜுரம் வந்த மாதிரி நடுங்கும். அது வேறு கதை.) எவ்வளவு காற்று என்பதை டயரில் தேடக் கூடாதாம். அதில் போட்டிருப்பது அதிகபட்ச அளவு. நமக்கு வேண்டியது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். அதையும் டயர் சூடாகும் முன் பார்க்க வேண்டும். பஞ்சரே இல்லாவிட்டாலும் மாசம் ஒரு பாயின்ட்டாவது இறங்கும்.

கழற்றிப் போட்ட டயர்கள் என் ஜாதகத்தையே சொல்லின. இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று கம்மி. நடுவில் தேய்ந்தால் காற்று ஜாஸ்தி. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட் கோளாறு. எனக்கு இரண்டு ஓரமும். மூணு வருஷச் சோம்பேறித்தனத்துக்கு ஆடிட் ரிப்போர்ட்!

"ஸ்டெப்னி இல்லாமலே இப்ப கார் வருதாமே?" என்று நைசாகக் கேட்டேன். உண்மைதான். 2020-ல் விதியைத் திருத்தினார்கள். ஆனால் டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் கிட் மூன்றும் வண்டியில் இருக்க வேண்டும். என்னிடம் இருந்ததோ முதலாவது மட்டும். பக்கத்தில் நின்ற மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "மூணு டயரா போட்டுருங்க தம்பி." இரண்டு என்று போனவன் மூணு வாங்கினேன். அந்த மாச பட்ஜெட் பஞ்சர். பரவாயில்லை, டயரில் தேய்மானம் போடாவிட்டால் வாழ்க்கையில் போட வேண்டியிருக்கும்.

மழை விட்டதும் சித்தன்னவாசல். டவுனிலிருந்து சுமார் பதினாறு கிலோமீட்டர். அறிவர் கோயில் விதானத்தில் தாமரைக் குளம், மீன், யானை, பூப்பறிக்கிற ஆட்கள் என்று ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஓவியம். மேலே ஏழடிப்பட்டம். சமணத் துறவிகள் படுத்த வழவழப்பான கல் படுக்கைகள். வழுக்குப் பாறையில் கால் ஊன்ற ஏழு குழி வெட்டியிருக்கிறார்கள், பெயர்க்காரணம் அதுதான்.

"எதுக்குப்பா குழி?" என்றாள் மகள்.

"வழுக்காம இருக்கத்தான். நம்ம டயர்ல இருக்கே பட்டன், அந்த மாதிரி" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. காய்ந்த ரோட்டில் மொட்டை டயரும் ஓடும். மழைத் தண்ணீரை ஒதுக்கிவிட்டு ரப்பர் ரோட்டைத் தொட, அந்தப் பள்ளங்கள் வேண்டும். எல்லாவற்றையும் துறந்தவர்களே பிடிமானத்தைத் துறக்கவில்லை!

சாயங்காலம் திருமயம். 1687-ல் சேதுபதி கட்டிய கோட்டை, மழையில் குளித்த பாறை மேல் பளபளவென்று நின்றது. பைரவர் சந்நிதி எதிரே வண்டியை நிறுத்திக் கணக்குப் பார்த்தேன். சித்தன்னவாசல் போக வர முப்பத்திரண்டு, திருமயம் இருபது. ஆக ஐம்பத்திரண்டு கிலோமீட்டர். 'டயர் மாட்டி ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்க' என்று கடைப் பையன் சொல்லியிருந்தான். ஸ்பேனரை எடுத்தேன். இரண்டு நட்டு கால் சுற்று ஏறின.

அப்புறம்தான் கும்பிட்டேன். எலுமிச்சம்பழம் வாங்கினேன், ஐந்து.

"நாலுதானேப்பா டயரு?" என்றாள் மகள்.

"ஸ்டெப்னியை மறந்துட்டியேம்மா!"

ஆனால் டிக்கிக்குள் படுத்திருக்கிற ஸ்டெப்னிக்கு அடியில் எலுமிச்சையை எப்படி நசுக்குவது? மனைவி அதை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ராத்திரி வீட்டில் ஜூஸாக வந்தது. உப்புப் போட்டிருந்தாள். பேசவும் செய்தாள்.

"ஏங்க, நாளைக்குக் காலையில வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி காத்து பாத்துருங்க. அஞ்சுக்கும்."