கட்டியின் கடினத்தைக் காட்டும் ஸ்கான்

யுத்தம் எங்கள் உடம்பில் விட்டுச் சென்ற அடையாளங்களோடு வாழப் பழகிவிட்டோம். தோளில் ஒரு துண்டு, காலில் ஒரு தழும்பு, நெஞ்சில் ஒரு முடிச்சு என்று எங்களில் பலரிடம் ஏதோ ஒன்று உண்டு. அதனால் மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டாலும், "அது அந்த நேரத்துக் காயம்தான்" என்று சொல்லிவிடுவது எங்களிடையே வழக்கமாகிவிட்டது. அது சரியாகவும் இருக்கலாம், பிழையாகவும் இருக்கலாம். எது என்று கண்டறிவதற்கு உதவுகின்ற ஒரு ஸ்கான் முறை இருக்கிறது. அதன் பெயர் எலாஸ்டோகிராபி. எனக்கே அது செய்யப்பட்டதால், கண்டதையும் கேட்டு அறிந்ததையும் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

2009ஆம் ஆண்டு ஷெல் விழுந்தபோது எனது இடது தோளிலும் மார்பின் மேற்பக்கத்திலும் காயம் ஏற்பட்டது. ஒரு சிறிய இரும்புத் துண்டு இன்னமும் தோளுக்குள் இருக்கிறது. 2023இல், 42 வயதில், எங்கள் பகுதியிலுள்ள சுகவனிதையர் கிளினிக்குக்குச் சென்றேன். 1996இல் ஆரம்பிக்கப்பட்ட இந்தக் கிளினிக்குகளில் 35 வயதைக் கடந்த பெண்களுக்கு மார்பகம், கருப்பைக் கழுத்து, இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் இலவசமாகச் செய்யப்படுகின்றன. அங்கே என்னைப் பரிசோதித்த வைத்தியர் இடது மார்பில் இரண்டு கட்டிகள் இருப்பதைக் கண்டார். ஒன்று தழும்புக்குக் கீழே, கல்லைப் போல் இருந்தது. மற்றது கீழ்ப்பக்கத்தில், விரலுக்கு வழுக்கி ஓடும் சிறிய உருண்டை. இரண்டையும் மேலும் பார்க்க வேண்டுமென்று பெரிய வைத்தியசாலைக்குக் கடிதம் தந்தார்.

அங்கே முதலில் மமோகிராமும் பின்னர் அல்ட்ராசவுண்ட் ஸ்கானும் செய்தார்கள். சாதாரண ஸ்கானில் கட்டியின் வடிவமும் ஓரமும் உள்ளே இருப்பது நீரா தசையா என்பதும் தெரியும். அது எவ்வளவு கடினமானது என்பது தெரியாது. அதைக் காட்டுவதுதான் எலாஸ்டோகிராபி. அதே கட்டில், அதே கருவி. ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, வலியும் இல்லை. சில நிமிடங்கள் அசையாமல் படுத்திருந்தால் போதும்.

இதன் அடிப்படை எங்களுக்குப் புதிதல்ல. சந்தையில் மாம்பழம் வாங்கும்போது விரலால் மெல்ல அமத்திப் பார்க்கிறோம். கனிந்தது அமுங்கும், காய் அமுங்காது. புற்றுநோய் பிடித்த இழையம் பெரும்பாலும் சுற்றியுள்ள இழையத்தை விடக் கடினமாக இருக்கும். வைத்தியர்கள் மார்பைத் தொட்டுப் பார்ப்பதும் இதற்காகத்தான். விரலுக்குத் தெரிவதைப் படமாக்கலாம் என்று அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஜொனதன் ஓபிர் என்பவரும் அவருடைய குழுவினரும் 1991இல் எழுதினார்கள். எலாஸ்டோகிராபி என்ற பெயரும் அவர்கள் கொடுத்ததுதான்.

இப்போது இரண்டு விதமாக இதைச் செய்கிறார்கள். ஒன்றில், கருவியால் மிக மெதுவாக அமத்தி, எந்த இடம் அமுங்குகிறது, எது அமுங்கவில்லை என்று பார்ப்பார்கள். மற்றதில், கருவியே உடம்புக்குள் ஒரு சிறிய அதிர்வை அனுப்பும். மெதுமையான இழையத்தில் அந்த அதிர்வு மெதுவாகவும், கடினமான இழையத்தில் வேகமாகவும் ஓடும். அந்த வேகத்தை அளந்து கடினத்தை எண்ணாகக் காட்டுவார்கள்.

திரையில் நிறங்கள் வரும். சிவப்பைக் கண்டு பயப்படவோ நீலத்தைக் கண்டு ஆறுதலடையவோ வேண்டாம். சில இயந்திரங்களில் நீலம் கடினத்தைக் குறிக்கும், சிலவற்றில் சிவப்பு கடினத்தைக் குறிக்கும். கருவியைச் சற்று அழுத்திப் பிடித்தால் மெதுவான இடமும் கடினமாகத் தோன்றலாம். எனவே நிறத்துக்குப் பொருள் சொல்ல வேண்டியவர் பயிற்சி பெற்ற வைத்தியரே.

இதனால் கிடைக்கும் பெரிய நன்மை, தேவையில்லாத ஊசிகள் குறைவதுதான். 2012இல் வெளியான ஓர் ஆய்வில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 939 கட்டிகள் இந்த அதிர்வு முறையில் பரிசோதிக்கப்பட்டன. சாதாரண ஸ்கானை மட்டும் பார்த்தபோது, புற்றுநோய் அல்லாத 100 கட்டிகளில் ஏறத்தாழ 61 மட்டுமே சரியாக இனங்காணப்பட்டன. கடினத்தையும் சேர்த்துப் பார்த்தபோது அது 78க்கு மேல் உயர்ந்தது.

எனது சிறிய உருண்டை மெதுமையானது என்று வந்தது. அதன் ஓரமும் ஒழுங்காக இருந்தபடியால் ஊசி தேவையில்லை, ஆறு மாதத்தில் திரும்பப் பார்ப்போம் என்றார்கள். தழும்புக்குக் கீழிருந்த கட்டியோ மிகவும் கடினமானது என்று வந்தது. எனக்குக் கைகால் குளிர்ந்துவிட்டது.

"டொக்டர், அப்ப இது கான்சரா?" என்று கேட்டேன்.

"அவசரப்படாதேங்கோ அம்மா. கடினமா இருக்கெண்டு மட்டும்தான் மெஷின் சொல்லும். ஏன் கடினமெண்டு அது சொல்லாது" என்றார் அந்த வைத்தியர். பிறகு, காயம் எப்போது பட்டது, எந்த இடத்தில் பட்டது என்று விபரமாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

மார்பில் பலத்த அடியோ காயமோ பட்டால் உள்ளேயுள்ள கொழுப்பு இழையம் இறந்து, காலப்போக்கில் தழும்பாகி இறுகிவிடும். சிலருக்கு அதில் சுண்ணாம்பும் படியும். அது தொட்டாலும் ஸ்கானிலும் புற்றுநோயைப் போலவே தோன்றக்கூடும். மறுபக்கத்தில், சில வகைப் புற்றுநோய்கள் மெதுமையாகவே இருக்கும். ஆகவே மற்றப் பரிசோதனைகளில் சந்தேகம் இருந்தால், மெதுமை என்று வந்தாலும் விட்டுவிட மாட்டார்கள். எலாஸ்டோகிராபி ஒரு சாட்சி மட்டுமே. தீர்ப்புச் சொல்வது ஊசியால் சிறிது இழையம் எடுத்துப் பார்க்கும் பயொப்சிதான்.

விறைப்பு ஊசி போட்டு எனக்கும் பயொப்சி செய்தார்கள். முடிவு வரும்வரை சோறு இறங்கவில்லை. கடைசியில் அது காயத்தால் இறுகிய கொழுப்பு என்று தெரிய வந்தது. சிறிய உருண்டையும் இரண்டு வருடமாக மாறாமல் இருந்தது.

அன்று என்னோடு வாங்கில் காத்திருந்த ஒரு சகோதரியை மறக்க முடியாது. கணவரை இழந்து இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவர். இடம்பெயர்ந்து ஓடும்போது விழுந்ததில் பட்ட அடி என்றுதான் அவருடைய கட்டியையும் வீட்டில் சொன்னார்களாம். அவருடைய ஸ்கானும் கடினம் என்றே காட்டியது. பயொப்சியில் அது புற்றுநோய் என்று வந்தது. கட்டி சிறிதாக இருந்தபோதே பிடிபட்டதால் சத்திரசிகிச்சை முடிந்து, தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலையில் தொடர்ந்து சிகிச்சை பெற்றார். இப்போது தையல் வேலை செய்கிறார். இருவருக்கும் பழைய காயம், இருவருக்கும் கடினமான கட்டி. விடை மட்டும் வேறு. வீட்டிலிருந்தபடி அந்த விடையை எவராலும் சொல்லியிருக்க முடியாது.

பரிசோதனைக்குப் போகும் சகோதரிகள் சில விடயங்களை மனதில் வைத்திருங்கள். காயம் பட்ட ஆண்டையும் இடத்தையும் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். உடம்பில் இரும்புத் துண்டு இருந்தால் அதையும் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கானின் காந்தம் அதை அசைக்கக்கூடும். அல்ட்ராசவுண்டில் அந்தப் பயம் இல்லை. சோதனைச் சாவடிகளையும் முகாம்களையும் கடந்து வந்த எங்களுக்கு, வேறொருவர் கை உடம்பில் படுவதே கூச்சமும் நடுக்கமும் தரலாம். பக்கத்தில் ஒரு பெண் தாதி நிற்க வேண்டுமென்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. எல்லா வைத்தியசாலைகளிலும் எலாஸ்டோகிராபி வசதி இருக்காது. அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். சாதாரண ஸ்கானும் பயொப்சியும் கூட விடையைத் தரும்.

இலங்கைப் பெண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். கட்டி எதுவென்றாலும், எந்த ஆண்டுக் காயத்துக்குப் பக்கத்தில் இருந்தாலும், உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி, சுகவனிதையர் கிளினிக் நடைபெறும் நாளைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். துணைக்கு ஆள் இல்லையென்றால் அயலில் இருக்கும் ஒரு சகோதரியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கும் அது பரிசோதனை நாளாக இருக்கட்டும்.