கார்ட்டூன் வராத சனிக்கிழமை

பிலிப்பைன்ஸில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடமாவது எழுபதுகளைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். முதலில் ஒரு சிரிப்பு வரும். அப்புறம் வரிசையாக வந்து விழும். பள்ளிக்கூடத்தில் கொடுத்த பன், தெருவில் ஆடிய ஆட்டம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிவியில் வந்த ரோபோ, முகமது அலி வந்துபோன கதை... கேட்டுக்கொண்டே இருக்கலாம். அரசியல் கடைசியில்தான் வரும். வந்தால் கூடவே சண்டையும் வரும்.

இந்தத் தலைமுறைக்கு அந்த ஊரில் ஒரு பெயர் இருக்கிறது. "மார்ஷியல் லா பேபிஸ்", அதாவது இராணுவச் சட்டத்தில் வளர்ந்த பிள்ளைகள். ஜனாதிபதி ஃபெர்டினாண்ட் மார்கோஸ் 1972 செப்டம்பரில் கொண்டுவந்த அந்தச் சட்டம் 1981 ஜனவரி வரை நீடித்தது. ஒரு குழந்தை ஐந்து வயதிலிருந்து பதின்மூன்று வயது வரை வளர்கிற காலம்.

அப்படி ஒரு பையனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 1967-ல் பிறந்தவன். வீடு மணிலாவை ஒட்டிய கேஸான் சிட்டியில், கூபாவ் பக்கம். பெயர் வேண்டாம். அந்த வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் ஏறக்குறைய இதே கதையைத்தான் சொல்வார்கள்.

அவனுடைய முதல் ஞாபகங்களில் ஒன்று 1972 செப்டம்பர் 23, சனிக்கிழமை. காலையில் எழுந்து ஆசையாக டிவியைப் போட்டால் கார்ட்டூன் இல்லை. எந்தச் சேனலைத் திருப்பினாலும் வெறும் புள்ளிகள்தான். ரேடியோவும் பேசவில்லை. அப்பாவும் அம்மாவும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் ஜனாதிபதி டிவியில் வந்து நாட்டில் இராணுவச் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது என்று அறிவித்தார். ஐந்து வயதுப் பையனுக்கு அது புரியவா போகிறது? அவனைப் பொறுத்தவரை அன்றைக்கு நடந்த ஒரே அநியாயம் கார்ட்டூன் வராததுதான்.

மற்றபடி அவன் உலகம் மாறவில்லை. தெருதான் உலகம். கோடு கிழித்து ஆடும் பட்டின்டெரோ, நம்ம ஊர் கிளித்தட்டின் சொந்தத் தம்பி. ஒரு தகர டப்பாவை நிறுத்திவைத்து ரப்பர் செருப்பால் அடித்து விழவைக்கும் தும்பாங் பிரேசோ. பம்பரம், கோலி எல்லாம் உண்டு. மழை பெய்தால் வீட்டுக்குள் சுங்கா. படகு மாதிரி ஒரு மரப்பலகை, பக்கத்துக்கு ஏழு குழி, இரண்டு முனையிலும் ஒவ்வொரு பெரிய குழி, போட்டு எடுக்கச் சோழி. பல்லாங்குழி ஆடியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அண்ணன் என்றால் "குயா", அக்கா என்றால் "ஆதே". கூடப் பிறந்திருக்க வேண்டியதில்லை, தெருவில் மூத்தவர்கள் எல்லோருமே குயாவும் ஆதேயும்தான். பெரியவர்கள் வீட்டுக்கு வந்தால் அவர்கள் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்து ஆசி வாங்க வேண்டும். வாங்காமல் ஓடினால் அம்மாவின் பார்வையே போதும்!

தெருமுனையில் ஒரு சாரி-சாரி கடை. அந்தச் சொல்லுக்கே பலவகை என்றுதான் அர்த்தம், நம்ம பலசரக்கு மாதிரி. ஆனால் அளவில் பெட்டிக்கடை. அங்கே நடக்கும் வியாபாரத்துக்குத் "திங்கி" என்று பெயர். பாக்கெட்டாக வாங்க வேண்டாம், ஒரு சிகரெட் போதும். பாட்டிலாக வேண்டாம், கொஞ்சம் எண்ணெய் போதும். ஒரே ஒரு பூண்டு கூடக் கிடைக்கும். குளிர்பானம் வாங்கினால் பிளாஸ்டிக் பையில் ஊற்றி ஒரு ஸ்ட்ரா போட்டுக் கொடுப்பார்கள், பாட்டில் கடைக்காரருக்கு வேண்டுமே. காசில்லாத நாளில் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். வணிகவியல் பாடத்தில் சில்லறை வியாபாரம் என்று ஒரு அத்தியாயமே படிக்கிறோமே, அதை அந்தப் பையன் ஏழு வயதில் நின்று பார்த்துவிட்டான். இப்போது அதை நினைத்தால் அவனுக்கு இனிக்கும். அவன் அம்மாவுக்கு இனித்திருக்காது. ஒரு பாட்டில் எண்ணெய்க்குச் சேர்ந்தாற்போல் காசு இல்லாததால்தானே அவள் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினாள்?

பள்ளிக்கூடத்துப் பன்னும் அப்படித்தான். அதன் பெயர் நூட்ரிபன். கனமான, கொஞ்சம் கெட்டியான பன். ஒன்று சாப்பிட்டால் 500 கலோரி. அதன் வாசனையைப் பற்றிச் சொல்லச் சொன்னால் இன்றும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அது ஏன் கொடுக்கப்பட்டது என்பது அவனுக்குத் தெரியாது. ஏழைப் பிள்ளைகளிடம் ஊட்டச்சத்துக் குறைவு அந்த அளவுக்கு இருந்தது, அதனால் கொடுத்தார்கள். மார்கோஸ் குடும்பம் கொடுத்த பன் என்று நிறையப் பேர் இன்னமும் நம்புகிறார்கள். உண்மையில் அது அமெரிக்க அரசின் உதவித் திட்டத்தில் வந்தது. 1972-ல் லூசோனில் பெரிய வெள்ளம் வந்தபோது நிவாரணத்துக்கும் அதுதான் போனது. அப்போது சில பைகளில் ஜனாதிபதியின் மனைவி இமெல்டாவின் உபயம் என்று அச்சடித்து விட்டார்கள். பன் ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது.

இரவுகளைப் பற்றிக் கேட்டால் "அவ்வளவு அமைதியாக இருக்கும்" என்பார்கள். உண்மைதான். நள்ளிரவு முதல் காலை நான்கு மணி வரை ஊரடங்கு. ஜீப்னி ஓடாது, குடிகாரர் சத்தம் இல்லை, நாய் குரைப்பது மட்டும் கேட்கும். மீறிப் பிடிபட்டவர்களைச் சாலையோரம் புல் பிடுங்க வைத்த கதைகளைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நீளமாக முடி வளர்த்த ஆண்களைப் பிடித்து முடியை வெட்டிவிட்ட கதையும் உண்டு. ஒரு குயா காலையில் அழகான கூந்தலோடு போய் மாலையில் பாதி மொட்டையாக வந்தால் சின்னப் பிள்ளைகளுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். அந்தக் குயா அன்றைக்கு ஏன் சாப்பிடாமல் படுத்தார் என்று யோசிக்கிற வயதா அது?

சில வீட்டுக் குயாக்கள் திரும்பியே வரவில்லை. அவர்களைப் பற்றி யாரும் பேசவும் இல்லை. ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் சொல்லும் கணக்கு இது: இராணுவச் சட்டக் காலத்தில் சுமார் 70,000 பேர் சிறையில், சுமார் 34,000 பேருக்குச் சித்திரவதை, 3,200-க்கும் மேற்பட்டவர்கள் கொலை. ஒரே தெருவில் ஒரு வீட்டில் பிள்ளைகள் சுங்கா ஆடியிருப்பார்கள், நாலு வீடு தள்ளி ஒரு அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அவன் தெருவுக்குக் கொண்டாட்டமும் வந்தது. 1975 அக்டோபர் 1-ம் தேதி காலை, கூபாவில் இருக்கும் அரனெட்டா கொலீசியத்தில் முகமது அலியும் ஜோ ஃபிரேசியரும் மோதினார்கள். 14 சுற்று. பதினைந்தாவது சுற்றுக்கு ஃபிரேசியரை அவருடைய பயிற்சியாளர் அனுப்ப மறுத்துவிட்டார், அலி ஜெயித்தார். உலகமே எட்டு வயதுப் பையனின் பேட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது! அடுத்த வருடம் அங்கேயே அலி பெயரில் ஒரு ஷாப்பிங் மால் திறந்தார்கள். அதே 1975-ல் அதே கூபாவில் ஒரு ஐஸ்கிரீம் கடையும் திறந்தது. மூன்று வருடத்தில் அது ஜாலிபீ என்று பெயர் மாறி, பின்னாளில் உலகம் முழுக்கக் கிளை விட்டது. அந்த வருடம் பிறந்த கூடைப்பந்து லீக்கில் கிறிஸ்பாவா டொயோட்டாவா என்று வீட்டுக்கு வீடு கட்சி பிரிந்து கத்தினார்கள்.

புதுப்புதுக் கட்டடங்களும் எழுந்தன. 1974-ல் மிஸ் யுனிவர்ஸ் போட்டிக்காக மணிலாவில் ஒரு பெரிய அரங்கத்தை 77 நாளில் கட்டி முடித்தார்கள். கேஸான் சிட்டியில் 1975-ல் இதய மருத்துவமனை வந்தது. பையன் வாயைப் பிளந்து பார்த்தான். கடன் வாங்கிக் கட்டிய வீட்டில் வளரும் பிள்ளைக்கு வீடு அழகாகத்தான் தெரியும், தவணைத் தேதி பெரியவர்களுக்குத்தான் தெரியும். 1970-ல் சுமார் 200 கோடி டாலராக இருந்த நாட்டின் வெளிக்கடன் 1980-ல் சுமார் 1,700 கோடி ஆகியிருந்தது.

வேலையும் உள்ளூரில் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. 1974-ல் வந்த தொழிலாளர் சட்டத்தில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவதை அரசே ஒரு திட்டமாக்கியது. எண்ணெய் விலை ஏறி வளைகுடாவில் கட்டுமான வேலைகள் பெருகிய நேரம். அந்தத் தெருவிலும் ஒவ்வொரு அப்பாவாகச் சவுதிக்குக் கிளம்பினார்கள். அவன் அப்பாவும் போனார். கடிதத்துக்குப் பதில் கேசட் வரும். டேப் ரெக்கார்டரைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து அப்பாவின் குரலைக் கேட்பார்கள். பிறகு புதுக் கேசட்டில் ஒவ்வொருவராகப் பேசி அனுப்புவார்கள். பேசச் சொன்னால் அவனுக்கு ஒன்றும் வராது. "அப்பா, நல்லா இருக்கீங்களா?" என்பதோடு நின்றுவிடும்.

1978-ல் வோல்டஸ் ஃபைவ் வந்தது. ஜப்பானில் தயாரித்து ஆங்கிலத்தில் பேசவிட்ட கார்ட்டூன் தொடர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெருவில் ஒரு பிள்ளையைப் பார்க்க முடியாது. ஐந்து பேர் ஐந்து விமானங்களில் வந்து ஒன்றுசேர்ந்து ஒரு பெரிய ரோபோவாக மாறுவார்கள். அதில் மூன்று பேர் அண்ணன் தம்பிகள். அவர்கள் தேடுவது காணாமல் போன அப்பாவை. சவுதியில் அப்பாவை வைத்திருந்த பிள்ளைகள் அதை ஏன் அப்படி விழுந்து விழுந்து பார்த்தார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

1979 ஆகஸ்டில், கதை முடிய இன்னும் சில வாரங்களே இருக்கும்போது, மார்கோஸ் அரசு அந்தத் தொடரைத் தடை செய்தது. வன்முறை அதிகம், பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். காட்டாமல் விட்ட பாகங்களில் இருந்தது, கொடுங்கோல் மன்னனுக்கு எதிராக அடிமைகள் எழும் கிளர்ச்சி. தடைக்கு அதுதான் காரணம் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. எது காரணமாக இருந்தாலும் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு மறுபடியும் டிவியில் கார்ட்டூன் இல்லை. ஆனால் இந்த முறை அவன் ஐந்து வயதுக் குழந்தை இல்லை. "யார் நிறுத்தினது? எதுக்கு நிறுத்தினாங்க?" என்று கேட்டான். அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டு, "சத்தம் போடாதே" என்றாள். அந்த நாட்டைப் பற்றி அவனுக்கு வீட்டில் கிடைத்த முதல் பாடம் அதுதான்.

அதற்குப் பிறகு நடந்தது சரித்திரம். 1983 ஆகஸ்டில் எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அகினோ மணிலா விமான நிலையத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்டோபரில், கடனைக் கட்ட முடியவில்லை, தவணை வேண்டும் என்று அரசு கைவிரித்தது. 1984-ல் விலைவாசி சுமார் 50 சதவீதம் ஏறியது. அந்த வருடமும் அடுத்த வருடமும் பொருளாதாரம் ஏழு சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. சின்ன வயதில் வாய் பிளந்து பார்த்த கட்டடங்களுக்கான பில் அவன் கல்லூரிக்குப் போகும் வயதில் வந்து சேர்ந்தது. 1986 பிப்ரவரியில் லட்சக்கணக்கானவர்கள் எட்சா சாலையில் நான்கு நாள் நின்றார்கள். மார்கோஸ் குடும்பம் ஹவாய்க்குப் போனது. எட்சாவில் நின்ற எத்தனையோ பேர் அவன் வயதுக்காரர்கள், தெருவில் செருப்பால் டப்பா அடித்தவர்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் சுலபம். 2022 தேர்தலில் அதே மார்கோஸின் மகன் 3 கோடியே 10 லட்சத்துக்கும் மேல் ஓட்டு வாங்கி ஜனாதிபதி ஆனார். எழுபதுகளில் பள்ளிப் பிள்ளைகளைப் பாடவைத்த "புதிய சமுதாயம்" பாட்டு புது மெட்டில் பிரசார மேடையில் ஒலித்தது. அது பொற்காலம், இரவில் அமைதி, ஊரில் ஒழுங்கு, பள்ளியில் பன் என்று இணையம் முழுக்கச் செய்தி பரவியது. ஐம்பத்தைந்து வயதில் அதைப் படிக்கும் அவனுக்குத் திகைப்பாக இருக்கும். சொல்வதெல்லாம் அவன் ஞாபகத்தில் இருக்கிற விஷயங்கள்தானே? அமைதி இருந்தது. பன் இருந்தது. எதைப் பொய் என்பது?

சிக்கலே அங்கேதான் இருக்கிறது. குழந்தையின் ஞாபகம் பொய் சொல்வதில்லை, ஆனால் அது வாசல்படி வரைக்கும்தான் பார்த்தது. பட்டின்டெரோவின் சந்தோஷத்தைக் கொடுத்தது தெருவும் குயாவும் ஆதேயும். அம்மா நோட்டில் கடன் சொல்லி வாங்கிய எண்ணெய். சவுதி வெயிலில் நின்ற அப்பா. இதில் எதையும் மார்கோஸ் கொடுக்கவில்லை. நிவாரணப் பையில் அச்சடித்த பெயர் மாதிரி, மற்றவர்கள் கொடுத்த குழந்தைப் பருவத்தின் மேல் இன்னொருவர் தன் முத்திரையைக் குத்திக்கொள்கிறார். அதனால் பழையதை நினைத்து ஏங்குவது தப்பு என்று ஆகிவிடாது. யாருக்கு நன்றி சொல்கிறோம் என்பதில்தான் ஜாக்கிரதை வேண்டும்.

வோல்டஸ் ஃபைவின் கடைசிப் பாகங்களை ஒரு படமாகத் தொகுத்து 1999-ல் பிலிப்பைன்ஸ் திரையரங்குகளில் வெளியிட்டார்கள். இருபது வருடம் கழித்து! பன்னிரண்டு வயதில் விட்டுப்போன கதையின் முடிவைத் தெரிந்துகொள்ள முப்பது தாண்டிய ஆண்களும் பெண்களும் டிக்கெட் எடுத்து உட்கார்ந்தார்கள். நிறையப் பேர் மடியில் தங்கள் பிள்ளைகள்.

அவனும் மகனோடு போயிருப்பான் என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் முடிந்து வெளியே வரும்போது பையன் கேட்டிருப்பான்: "அப்பா, இதை ஏன் உங்களுக்கு அப்பவே காட்டலை?"

அவன் என்ன பதில் சொல்லியிருப்பான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "அது ஒரு பெரிய கதைடா, வா, ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கிட்டே சொல்றேன்" என்று உட்காரவைத்துச் சொன்ன அப்பாக்கள் இருந்தார்கள். சிரித்து மழுப்பிவிட்டுப் போன அப்பாக்களும் இருந்தார்கள். 2022-ல் ஓட்டுப்போட்டவர்களில் அந்த இரண்டு வகை அப்பாக்களின் பிள்ளைகளும் உண்டு.