பச்சைப் புல்லில் சிவப்புப் புள்ளி

2015 டிசம்பர் லீவில் எங்கள் வீட்டுக்கு ஒரு பழைய கொம்பியூட்டர் வந்தது. கண்டி டவுனில் அப்பா செகண்ட் ஹேண்டாக வாங்கினது. கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் மொனிட்டர் அப்பா மடியில், கீபோர்ட் என் மடியில். மவுஸைத் தம்பி ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தான். அடுத்த நாளே பெரியம்மா மகன் அண்ணா வந்து 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2' போட்டுக் கொடுத்தார்.

முதல் நாளே பிரச்சினை. புல்லும் தண்ணியும் ஊதாவும் சிவப்புமாகத் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. காரணம் பிறகுதான் விளங்கியது. அது 1999இல் வந்த கேம். மொத்தமே 256 நிறங்கள் உள்ள ஒரு பட்டியலை வைத்துத்தான் திரையில் எல்லாவற்றையும் வரையும். விண்டோஸ் 7 பின்னால் ஓடிக்கொண்டே அந்தப் பட்டியலில் தன் நிறங்களையும் எழுதிவிடும். டாஸ்க் மனேஜரில் எக்ஸ்ப்ளோரரை நிறுத்திவிட்டு கேமைத் திறந்தால் சரியாகிவிடும். அண்ணா அப்படிச் செய்ததும் புல் பச்சையானது. நாங்கள் கைதட்டினோம். எட்டு வயசுத் தம்பி மட்டும், "முதல்லயே நல்லாத்தானே இருந்துச்சு" என்றான். விளையாட விட்டால் போதும் என்று சொல்கிறான் என நினைத்துச் சிரித்தோம்.

அதற்குப் பிறகு அந்த கேமில் நாங்கள் கைவைக்காத செட்டிங்ஸ் இல்லை. திரையை 800க்கு 600 இலிருந்து 1024க்கு 768 ஆக்கினோம். எழுத்து சின்னதாகும், ஆனால் கூடுதலான இடம் கண்ணுக்குத் தெரியும். மவுஸை ஓரத்துக்குக் கொண்டுபோனால் மெப் பறந்துவிடும் என்று ஸ்க்ரோல் ஸ்பீடைப் பாதியாகக் குறைத்தோம். 'எச்' அழுத்தினால் டவுன் சென்டர். முற்றுப்புள்ளியை அழுத்தினால் வேலையில்லாமல் நிற்கிற ஆள். எங்கள் கீபோர்டில் முற்றுப்புள்ளி செத்துப்போனபோது அந்த வேலையை வேறு கீக்கு மாற்றினேன். ஒரு பழைய கேமை நம் கைக்கு, நம் மவுஸுக்கு, நம் உடைந்த கீபோர்டுக்குப் பழக்கி எடுப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. விளையாடினவர்களுக்குத் தெரியும்.

ஆனால் தம்பி மட்டும் தேறவே இல்லை. ஆட்டம் தொடங்கியதும் பக்கத்தில் இருக்கும் பெரிச் செடிகளைத் தேடிப் பழம் பறிக்க வேண்டும். அவனுக்கு அந்தச் செடி கண்ணில் படவே நேரம் எடுக்கும். "கண்ண எங்கடா வச்சிருக்க?" என்று ஏசுவேன். அண்ணா லெப்டொப் கொண்டுவந்து, கேபிள் போட்டு, ரெண்டு மெஷினில் சேர்ந்து விளையாடும்போது இன்னும் மோசம். எதிரி சிவப்பு, நான் பச்சை. சிவப்புப் படை அவன் ஊருக்குள் வரும்வரை சும்மா பார்த்துக்கொண்டிருப்பான். "நீதான் உதவிக்கு வாறேன்னு நினைச்சேன்கா" என்பான். வீட்டில் அவனுக்கு 'மந்திரி' என்று பட்டம் வைத்தோம். காட்டிக்கொடுக்கிற மந்திரி. அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை வருஷம் சிரித்திருப்போம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது அண்ணா எங்கள் வீட்டில் மாட்டிக்கொண்டார். நாள் முழுக்க கேம்தான். ஒருநாள் சலிப்பில், ஆட்டம் தொடங்குவதற்கு முன் எல்லோருடைய நிறத்தையும் மாற்றினேன். தம்பி நீலம், நான் சாம்பல், எதிரி மஞ்சள். அன்றைக்குத் தம்பி ஆடின ஆட்டத்தைப் பார்த்து அண்ணா எழுந்து நின்றுவிட்டார். எதிரி எந்தப் பக்கமிருந்து வந்தாலும் இவன் முதலே மதில் கட்டி வைத்திருந்தான். அடுத்த ஆட்டத்தில் பழைய நிறங்களைப் போட்டேன். பழையபடி தோற்றான்.

மூலையில் இருக்கும் சின்ன மெப்பைக் காட்டி, "இதுல சிவப்புப் புள்ளி எத்தனை இருக்கு?" என்று கேட்டேன். பச்சைப் புல்லில் ஒன்பது புள்ளி தெளிவாகத் தெரிந்தது. அவன் கிட்டப் போய்ப் பார்த்து, "ரெண்டா?" என்றான். அண்ணாவும் நானும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம்.

ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917இல் வெளியிட்ட வட்டப் படங்களை போனில் காட்டினோம். புள்ளிகளுக்கு நடுவில் எண் ஒளிந்திருக்கும் படங்கள். பலதில் அவனுக்கு எண்ணே தெரியவில்லை. ஊரடங்கு எடுத்த பிறகு கண் டாக்டரும் அதையே உறுதிசெய்தார். சிவப்பு, பச்சை நிறக்குறைபாடு. எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் ஆண்களுக்குத்தான் அதிகம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கு இருக்கிறது, ஆசியாவில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. அம்மாவிடமிருந்து மகனுக்கு வரும் என்று டாக்டர் சொன்னதும் அம்மா பஸ்ஸில் பேசாமலே வந்தார். வீட்டுக்கு வந்துதான் சொன்னார்: "எங்க அப்பா கோப்பி பறிக்கப் போனா பழம், காய் எல்லாத்தையும் சேத்துப் பறிச்சிட்டு வருவாரு. எங்கம்மா சாகும்வரை ஏசினா. சோம்பேறின்னு."

அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அஞ்சு வருஷமாக அந்த மெஷினில் எல்லாவற்றையும் எங்களுக்கு ஏற்றமாதிரி மாற்றியிருக்கிறோம். நிறத்தை மட்டும் தொடவில்லை. நமக்குச் சரியாகத் தெரிகிற ஒன்று செட்டிங் என்றே நமக்குத் தோன்றுவதில்லை. இன்னொரு விஷயமும் கவனித்தேன். அந்த கேமில் நண்பனையும் எதிரியையும் சுலபமாகப் பிரித்துக்காட்ட என்றே ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டால் நாம் நீலம், நண்பன் மஞ்சள், எதிரி சிவப்பு. தம்பிக்கு அந்த உதவியும் உதவாது. 2019இல் வந்த புதிய பதிப்பில் நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கென்று தனி செட்டிங் வைத்திருக்கிறார்கள். எங்கள் மெஷின் அதைத் தாங்காது. நாங்கள் கையால்தான் நிறம் மாற்றினோம்.

எல்லாம் கையால் மாறிவிடாது. தம்பிக்குச் சின்ன வயசிலிருந்து ரயில் ஓட்ட ஆசை. பேராதனைச் சந்தியில் சிக்னல் பார்த்துக்கொண்டு நிற்பான். மேல் விளக்கா கீழ் விளக்கா என்று இடத்தை வைத்துச் சொல்லிவிடுவான், அதனால் எங்களுக்கு ஒருபோதும் சந்தேகம் வரவில்லை. ரயில் ஓட்டுநருக்கு நிறப் பார்வைப் பரிசோதனை உண்டு என்று அவனே தேடி வாசித்தான். எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. அறையில் ஒட்டியிருந்த ரயில் படம் மட்டும் ஒருநாள் காணாமல் போனது.

நான் கம்பஸுக்கு வந்து புவியியல் எடுத்தேன். மெப் வரைவதற்கு கியூஜிஐஎஸ் என்ற மென்பொருள். அதில் நிறக்குறைபாடு உள்ளவருக்கு நம் மெப் எப்படித் தெரியும் என்று போட்டுப் பார்க்க ஒரு முன்னோட்டம் இருக்கிறது. முதல் தடவை அதைப் போட்டபோது, நான் பச்சையும் சிவப்புமாக அழகாக வரைந்திருந்த நிலப்பயன்பாட்டு மெப் முழுக்கக் களிமண் நிறமாகிவிட்டது. தேயிலை எது, குடியிருப்பு எது என்று எனக்கே விளங்கவில்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழை கொட்டியபோது நான் பேராதனையில் போர்டிங்கில் இருந்தேன். கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. மண்சரிவு எச்சரிக்கை மூன்று நிலையாக வரும். மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் ஆயத்தம், சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். யாரோ வட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு மெப் சுற்றிக்கொண்டிருந்தது. வெறும் நிறம்தான், கீழே இருந்த விளக்கம் வெட்டுப்பட்டிருந்தது. பின்னேரம் தம்பி கோல் எடுத்தான்.

"அக்கா, நம்ம பக்கம் என்ன கலர்? அம்மாகிட்ட கேட்டா பதட்டப்படுவாங்க."

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைத் தேடி எடுத்தேன். அதில் பிரதேச செயலகங்களின் பெயர் எழுத்திலேயே இருந்தது. எங்கள் பெயர் எந்த நிலைக்குக் கீழே இருக்கிறது என்று வாசித்துச் சொன்னேன். "சரி, நான் அம்மாவக் கூட்டிட்டுப் பெரியம்மா வீட்டுக்குப் போறேன்" என்றான். அதற்குப் பிறகு ரெண்டு நாள் லைன் இல்லை. மூன்றாம் நாள்தான் அவன் குரல் கேட்டது. வீட்டின் பின்மதில் சரிந்திருந்தது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை.

இப்போது நான் வரைகிற மெப்பில் நிறத்தோடு கோடுகளும் போடுகிறேன், ஒவ்வொரு பகுதியிலும் எண்ணும் எழுதுகிறேன். முடித்ததும் தம்பிக்கு அனுப்புவேன். "மூணாவதும் நாலாவதும் ஒண்டு மாதிரி இருக்கு" என்று பதில் வரும். திருத்துவேன்.

போன கிழமை வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தப் பழைய மெஷின் இன்னும் ஓடுகிறது. தம்பி எனக்கு முன்னால் உட்கார்ந்து எல்லோருக்கும் நிறம் போட்டான். நான் சாம்பலுக்குப் பதில் பச்சை கேட்டேன்.

"பச்சை இல்ல," என்றான். "இது என்ட செட்டிங்."