பன்னிரண்டா? எட்டா?

மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், கறவை மாடாயின் மடியையும் தடவிப் பார்ப்பார். கணனிக்கு வரைகலை அட்டை வாங்கப் போகிறவர் எதைப் பார்ப்பது? கடைக்காரர் ஒரு தாளை நீட்டுவார். அதில் இருபது எண்கள் இருக்கும். அவ்வளவும் உண்மையான எண்கள்தாம். ஆயினும் நம் வீட்டுப் பிள்ளை செய்யப்போகும் வேலைக்கு அவற்றுள் எது உதவும் என்பதை அந்தத் தாள் சொல்லாது.

இந்த ஆராய்ச்சியில் நான் இறங்கியதற்குக் காரணம் என் தமக்கையின் மகன். குருக்கள்மடத்து வாவிக்கரையில் வளர்ந்தவன். பிளெண்டர் என்னும் இலவச மென்பொருளைக்கொண்டு அசையும் படங்கள் ஆக்கத் தானாகவே பழகிக்கொண்டான். கண்டற் காடும் தோணியும் நிலவொளியும் கொண்ட ஒரு படத்தை முடித்துவிட்டால், அதைக் காட்டி வேலை தேடலாம் என்பது அவன் நம்பிக்கை. தமக்கையார் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணமும் கைக்கு வந்தது. ஒருமுறைதான் வாங்கலாம், தவறினால் அடுத்த சீட்டு முடியுமட்டும் காத்திருக்க வேண்டியதுதான். இரண்டு பெயர்களை எழுதிக்கொண்டு வந்து, "எத வாங்குற மாமா?" என்று என் முன்னே நின்றான்.

இரண்டும் என்விடியா நிறுவனத்தின் ஜீபோர்ஸ் வரிசையைச் சேர்ந்தவை. ஒன்று 2021 பெப்ரவரியில் வெளிவந்த ஆர்.டி.எக்ஸ் 3060, மற்றது 2023 ஜூனில் வெளிவந்த ஆர்.டி.எக்ஸ் 4060. அமெரிக்காவில் முன்னதன் அறிமுக விலை 329 டொலர், பின்னதன் விலை 299 டொலர். மருமகனுக்குக் கிடைக்கக்கூடியதாயிருந்த 3060 வேறொருவர் பாவித்தது, சற்று மலிவு. 4060 புத்தம் புதியது; உத்தரவாதமும் உண்டு.

முதலில் கருக்களின் தொகையைப் பார்த்தோம். பழையதில் 3584, புதியதில் 3072. பழையதே மேல் என்று அவசரப்பட்டுவிடக் கூடாது. வயல் வெட்டுக்கு வந்த ஆட்களை எண்ணினாற் போதுமா? அவர்களின் கைவேகத்தையும் பார்க்க வேண்டாமா? பழைய அட்டையின் உச்ச வேகம் 1.78 கிகாஹேர்ட்ஸ், புதியதன் வேகம் 2.46. நான் கல்லூரியில் கணிதம் கற்பிப்பவன், பெருக்காமல் விடுவேனா? முன்னதற்கு ஏறத்தாழ 6380 வருகிறது, பின்னதற்கு 7560. சாதாரணத் திரையில் விளையாட்டுகளை ஓட்டிப் பார்த்தவர்களும் 4060 பொதுவாக ஐந்தில் ஒரு பங்களவு முந்துகிறது என்றே காண்கிறார்கள். கணக்கும் அனுபவமும் ஒத்துவருகின்றன.

மின்சார விஷயத்திலோ போட்டியே இல்லை. 3060 உண்பது 170 வாட். 4060 உண்பது 115. பத்து மணி நேரம் 3060 செய்யும் வேலையை 4060 எட்டு மணி நேரத்தில் முடிப்பதாக வைத்துக்கொண்டால், முன்னதற்கு 1.7 அலகும் பின்னதற்கு 0.92 அலகும் செலவாகும். ஏறக்குறையப் பாதி! அலகு கூடக்கூட அதன் விலையும் படிப்படியாக ஏறும் இந்நாட்டில் இது சிறிய காரியமன்று. 2022இல் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டில் இருந்தவர்களுக்கு மின்சாரத்தின் அருமையை விளக்கவும் வேண்டியதில்லை.

இவ்வளவும் கேட்ட மருமகனின் முகம் புதியதன் பக்கம் சாய்ந்துவிட்டது. "பொறு" என்றேன். கருக்கள் வேலை செய்வதற்கு வேண்டிய பொருள் நினைவகத்திலிருந்து வந்தாக வேண்டும் அல்லவா? அந்த வழியின் அகலம் 3060இல் 192 பிட். 4060இல் 128 பிட்தான். பழைய கல்லடிப் பாலத்தில் ஒரு புறத்து வாகனங்கள் நிற்க மறு புறத்து வாகனங்கள் போனதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். 2013இல் புதிய பாலம் திறந்த பின்னரே அந்தத் தொல்லை தீர்ந்தது. வினாடிக்கு 360 கிகாபைட் கடக்கும் பழைய அட்டைக்கு எதிரே, புதியதில் 272தான் கடக்கும். நிறுவனத்தார் இதற்கொரு பரிகாரமும் செய்திருக்கிறார்கள். கருக்களின் அருகிலேயே இருக்கும் சிறு சேமிப்பிடத்தை 3 மெகாபைட்டிலிருந்து 24 ஆக்கிவிட்டார்கள். கைக்கெட்டும் தூரத்தில் பெரிய அஞ்சறைப் பெட்டி இருந்தால் களஞ்சியத்துக்கு அடிக்கடி நடக்க வேண்டாம் என்பது போல. கெட்டித்தனமான ஏற்பாடுதான், பெரும்பாலும் பலிக்கவும் செய்கிறது.

ஆனால் களஞ்சியமே சிறிதாயின்? 3060இன் நினைவகம் 12 கிகாபைட். இரண்டு ஆண்டு கழித்து வந்த 4060க்கு 8தான். 2025 மே மாதம் வந்த 5060க்கும் அதே 8தான். கையிறுக்கம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் பகுதியில் பாதை என்றால் வீதி மட்டுமன்று. வாவியைக் கடக்க வாகனம் ஏற்றும் மிதவையையும் பாதை என்றே அழைப்போம். குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கு அதில் கடந்தவர்கள் அறிவார்கள்: கொள்ளுமளவுக்கு ஏற்றியதும் பாதை புறப்பட்டுவிடும், எஞ்சியவர் எவ்வளவு அவசரக்காரராயினும் கரையில் நிற்க வேண்டியதுதான். அட்டையின் நினைவகம் நிறைந்தால் நடப்பதும் அதுவே. மீதிப் பொருள் கணனியின் பொது நினைவகத்தில் தங்கி, தாய்ப்பலகை வழியாகத் தவழ்ந்து வரும். சில வேளை வேலையே நின்றுவிடும். அந்த வழியிலும் 3060க்குப் பதினாறு தடங்கள், 4060க்கு எட்டு. மருமகனின் தாய்ப்பலகையோ ஒரு தலைமுறை பழையது. அதில் ஒவ்வொரு தடத்தின் வேகமும் பாதி. ஆகவே எட்டுத் தடக்காரனுக்கு இரட்டை நட்டம்.

"உன் காட்சி எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று அளந்து வா" என்று அனுப்பினேன். பிளெண்டரே அதைக் காட்டும். தோணி தனித்து வரும் காட்சி மூன்று கிகாபைட்டில் அடங்கியது. கண்டற் காடு பத்தைத் தாண்டிவிட்டது. இலைகளின் படங்களைச் சுருக்கி எட்டினுள் அடக்கலாம். கைதேர்ந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள். ஆயினும் பழகும் பிள்ளை படத்தை நினைப்பதை விட்டுப் பொழுதெல்லாம் இடத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பதை நான் விரும்பவில்லை. விளையாட்டுக்காக மட்டும் கேட்டிருந்தானானால் தயங்காமல் 4060ஐயே சொல்லியிருப்பேன். இவனுக்கு 3060 என்று தீர்த்தோம்.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2022இன் பிற்பகுதியில் 3060 என்ற அதே பெயரிலேயே 8 கிகாபைட் அட்டையொன்றும் வந்தது. வழியின் அகலமும் அதில் 128 பிட்தான். வினாடிக்கு 240 கிகாபைட்டே கடக்கும். பெயரை மட்டும் சொல்லி வாங்குகிறவர் எதனுடன் வீடு திரும்புவாரோ! பாவித்த அட்டையில் இன்னோர் ஐயமும் உண்டு. எதேரியம் நாணயத்துக்காக இரவு பகலாக ஓட்டப்பட்ட அட்டைகள், அந்த முறை 2022 செப்டெம்பரில் நின்றதும் சந்தைக்கு வந்து குவிந்தன. ஆகவே கடையிலேயே ஒரு மணி நேரம் கனமான வேலை கொடுத்து ஓட்டச் செய்து, விசிறியின் ஓசையைக் கேட்டு, வெப்பநிலையைப் பார்த்து, நினைவகம் 12தான் என்று திரையில் கண்ட பின்னரே பணத்தை எண்ணிக் கொடுத்தோம்.

கண்டற் காடு இப்பொழுது சட்டகம் சட்டகமாக வந்துகொண்டிருக்கிறது. இரவெல்லாம் அட்டை ஓடுகிறது. மின்சாரப் பட்டியல் வரும் நாளில் தமக்கையார் கூப்பிட்டு விசாரிக்கப் போவது மருமகனை அன்று, என்னைத்தான்.