கைடு போன ஊர்

சேர்வராயன் மலையில் ஆங்கிலம் இரு வகையாக வாழ்கிறது. ஒன்று, 1917-இல் ஏற்காட்டில் தோன்றிய மாண்ட்போர்ட் பள்ளி போன்றவற்றின் விடுதி மாணவர் நாவில் இயல்பாய்த் தவழும் ஆங்கிலம். மற்றொன்று, மலைவாழ் எளிய குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்புத் தேறி, இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, சேலத்துக் கல்லூரிகளில் எதிர்கொள்ளும் ஆங்கிலம். முன்னது உறவு, பின்னது வழக்கு!

சேலத்தில் நெடுங்காலம் ஆங்கில விரிவுரையாளனாக இருந்து, ஓய்வுக்குப்பின் ஏற்காட்டில் குடியேறிய எனக்கு இவ்வழக்கு நன்கு தெரியும். வணிகவியல் பயின்றாலும் வேதியியல் பயின்றாலும், பகுதி இரண்டு என்னும் ஆங்கிலத்தில் தேறினாலன்றிப் பட்டம் இல்லை. உரைநடை, செய்யுள், சிறுகதை ஒருபுறம். கட்டுரை, கடிதம், சுருக்கி வரைதல் மறுபுறம். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் எழுந்தபோது கல்லூரிக் கல்வி முழுவதும் ஆங்கிலத்திலேயே நடந்தது. எழுதக் கற்பது அன்று எல்லாப் பாடங்களுக்கும் திறவுகோல். இன்றோ அது பலருக்குக் கைடு நூலின் மனப்பாடமாகக் குறுகிவிட்டது.

எங்கள் தெருவில் காப்பித்தூள், மிளகு விற்கும் ஒருவரின் மகள் வணிகவியல் மாணவி. கணக்கியலில் நல்ல மதிப்பெண். ஆங்கிலத்தில் மட்டும் இரு பருவங்கள் தொடர்ந்து தோல்வி. “பெண்பிள்ளைக்கு இவ்வளவு படிச்சது போதும், சார்” என்றார் அவள் அத்தா. அடுத்த தேர்வு வரை பொறுக்குமாறு வேண்டினேன்.

மறுநாள் அவள் கட்டுரை ஏட்டைக் கொண்டுவந்தாள். தலைப்பு, ‘மலைவாசத்தலம் ஒன்றுக்கு உலா’. மேட்டுப்பாளையத்தில் ரயிலேறி உதகைக்குச் சென்றதாக இரண்டு பக்கம்!

“உதகைக்குப் போயிருக்கிறாயா, அம்மா?”

“நான் போகலை சார், கைடு போயிருக்கு.”

ஏற்காட்டில் பிறந்த பெண், மலையைப் பற்றி எழுத இரவல் மலை தேடியிருக்கிறாள்! “உன் அத்தா கடைக்குக் காப்பிக்கொட்டை வரும் கதையை எழுது” என்றேன். இளவேனில் மழைக்குப்பின் தோட்டம் வெண்மையாய்ப் பூப்பதும், கார்த்திகை மார்கழியில் சிவந்த பழம் பறிப்பதும், தோல் நீக்கிக் கழுவிக் களத்தில் உலர்த்துவதுமாகப் பதினொரு சிறு வாக்கியங்கள் எழுதினாள். மூன்றில் காலப்பிழை இருந்தது, பதினொன்றும் அவளுடையவை.

வியப்பு அதன் பின்னரே நிகழ்ந்தது. பாடச் சிறுகதையை மீண்டும் படித்தவள், “தாய் அழுததை ஆசிரியர் ஏன் சார் சொல்லாம விட்டுட்டார்?” என்று கேட்டாள். எதைச் சொல்வது, எதை விடுவது என்று தானே தடுமாறிய கையே பிறர் எழுத்தின் மௌனத்தையும் உணர்கிறது. கட்டுரையும் இலக்கியமும் இரு பாடங்கள் அல்ல. ஒரே கிணற்றின் இரு படித்துறைகள்.

அடுத்த தேர்வில் அவள் தேறினாள். மதிப்பெண் பெரிதன்று, எனினும் மூன்றாம் ஆண்டுக் கட்டணத்தை அவள் அத்தாவே நேரில் சென்று கட்டிவந்தார்.

நம் இல்லங்களில் பிள்ளைகளிடம், “எத்தனை மதிப்பெண்?” என்று கேட்கிறோம். “நீயாக என்ன எழுதினாய்?” என்றும் கேட்போமாக. அந்தக் கேள்விக்கு விடை கூறக் கைடு நூல் எதுவும் கைகொடுக்காது.